வெட்டுவது கடைசி: லேன் கேபிள், கனெக்டர் கோளாறுகளைக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

நெட் வரவில்லை என்று கூப்பிட்டால், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் கையில் எடுப்பது, கனெக்டரைக் கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலைத்தான். பழைய கனெக்டரை வெட்டி எறிவார், புதியது அடிப்பார். வந்துவிட்டால் சரி. வராவிட்டால் மறுமுனையையும் வெட்டுவார்.

இதில் இரண்டு நஷ்டம். கோளாறு என்ன என்பதற்கான சாட்சி அந்த வெட்டிய துண்டோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அப்புறம், சுவருக்குள் பைப் வழியாக வரும் கேபிளில் வெளியே மிச்சம் கிடப்பது பெரும்பாலும் ஒரு சாண்தான். நாலு தடவை வெட்டினால் பெட்டி வரைக்கும்கூட எட்டாது.

அதனால் வெட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் கடையானாலும், கன்னியாகுமரி லாட்ஜானாலும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டமானாலும் தேடும் வரிசை ஒன்றுதான். கோளாறு ஒளிந்திருக்கும் இடம்தான் ஊருக்கு ஊர் மாறும்.

1. பையில் இருக்க வேண்டியவை

எட்டு விளக்கு கேபிள் டெஸ்டர், மல்டிமீட்டர், லேன் போர்ட் உள்ள லேப்டாப், டார்ச், கிரிம்பிங் டூல், கனெக்டர்கள். டெஸ்டருக்கும் மீட்டருக்கும் பேட்டரி புதிதாக இருக்கட்டும். பேட்டரி இறங்கிய டெஸ்டர் நல்ல கேபிளையும் கெட்டது என்று காட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு பேட்ச் கார்டுகள் (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள குட்டைக் கேபிள்கள்). அவற்றில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். எந்த வீட்டிலும் விட்டுவிட்டு வராதீர்கள். சந்தேகமான கேபிளைச் சந்தேகமான இன்னொரு கேபிளால் சோதிப்பதில்தான் பாதி நாள் போகிறது.

2. கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

"நேத்து இடி வெட்டுன பொறவுதான் தம்பி இப்படி" என்று வீட்டுக்கார அம்மா சொன்னால், கேபிளை விட்டுவிட்டு முதலில் நெட்வொர்க் சுவிட்சில் (பல கேபிள்களைச் சேர்க்கும் பெட்டி) கேபிள் செருகும் போர்ட்டைப் பாருங்கள். இடியில் கேபிள் போவது அரிது, போர்ட் போவது சாதாரணம்.

எப்போது போகிறது என்பதே பாதி விடை. மழை பெய்தால் மட்டும் போனால் எங்கேயோ தண்ணீர் இறங்குகிறது. மோட்டார் போடும்போது மட்டும் போனால் கரண்ட் வயரோடு சேர்ந்து ஒரே பைப்பில் கேபிள் ஓடக்கூடும். மேஜையை நகர்த்தினால் போய் வந்தால் கனெக்டர். பெயிண்ட் அடித்ததற்கோ டைல்ஸ் ஒட்டியதற்கோ அப்புறம் போனால் ஆணியோ டிரில்லோ பட்டிருக்கலாம்.

3. எதையும் தொடாமல் பார்க்க வேண்டியவை

போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். எரியாவிட்டால் வயர் அறுந்திருக்கலாம், போர்ட் போயிருக்கலாம், எதிர்முனைக் கருவிக்குக் கரண்ட் இல்லாமலும் இருக்கலாம். இந்த மூன்றாவதைப் பார்க்காமல் ஏணி போட்டு ஏறியவர்கள் நிறைய.

விளக்கு எரிந்தால், என்ன வேகத்தில் லிங்க் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்திலும், லினக்ஸில் எத்டூல் (ethtool) கட்டளையிலும் தெரியும். 1 ஜிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் என்று நின்றால் பெரிய துப்பு கிடைத்துவிட்டது. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நாலு வயர் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆக நீலத்திலோ பிரவுனிலோ ஒரு வயர் பிடிக்கவில்லை என்று யூகிக்கலாம்.

ஆனால் கேமரா, டிவி, சில மலிவு மோடம்களில் போர்ட்டே 100 மெகாபிட்தான். அங்கே அந்த எண்ணைக் கண்டு கேபிளைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது பிங், அதாவது எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை. வெளியே இருக்கும் இணையதளத்துக்கு அல்ல, உள்ளே இருக்கும் ரவுட்டரின் (பெரும்பாலும் மோடமே) முகவரிக்கு. வெளியே போட்டால் கம்பெனி லைனில் உள்ள கோளாறையும் உங்கள் கேபிளின் தலையில் கட்டிவிடுவீர்கள். நிற்காமல் ஓடவிட்டுக் கேபிளை முனையில் லேசாக ஆட்டுங்கள். ஆட்டும்போது மட்டும் பதில் விட்டுப்போனால் கனெக்டரைப் பிடித்துவிட்டீர்கள்.

மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே நுழைந்து கணக்குப் பார்க்கும் வசதி உள்ளது) இருந்தால் அந்தப் போர்ட்டின் சிஆர்சி எர்ரர், அதாவது சிதைந்து வந்த பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்தம் எத்தனை என்பதைவிட, கண்ணெதிரே ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. லேட் கொலிஷன் (பாக்கெட்டுகள் தாமதமாக மோதுவது) ஏறினால் கேபிளைக் கைவிட்டு செட்டிங்கைப் பாருங்கள்: ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்புவது) என்று யாராவது நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆட்டோவில் உள்ள பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்புவது) இறங்கி, லைன் ஆமை வேகத்தில் போகும்.

4. பாதியாகப் பிரியுங்கள்

மோடத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒரே கேபிள் என்று நினைக்காதீர்கள். மோடம், பேட்ச் கார்டு, சுவிட்ச், சுவருக்குள் ஓடும் கேபிள், ஐஓ பாக்ஸ் (சுவரில் கேபிள் முடியும் சாக்கெட்), இன்னொரு பேட்ச் கார்டு, கம்ப்யூட்டர் என்று அது ஒரு சங்கிலி. நடுவில் நின்று சோதித்தால் ஒரே தடவையில் பாதிச் சங்கிலி கணக்கிலிருந்து போய்விடும்.

லேப்டாப்பைச் சிவப்பு டேப் கார்டால் சுவிட்சிலேயே செருகுங்கள். அங்கே நெட் வந்தால் மோடம் பக்கம் சுத்தம். அடுத்து அறையில் உள்ள ஐஓ பாக்ஸில் செருகுங்கள். அங்கும் வந்தால் கெட்டது அநேகமாக மேஜையடியில் கிடந்து நாற்காலிச் சக்கரத்தில் நசுங்கிய பேட்ச் கார்டு. லாட்ஜ் அறைகளில் பெரும்பாலும் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கார்டையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி நெட் வந்துவிட்டால், எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. கெட்ட கார்டு திரும்பவும் மேஜை டிராயருக்குள் போய் அடுத்த மாதம் வெளியே வரும்.

5. கனெக்டரை டார்ச் அடித்துப் பாருங்கள்

கழற்றிய கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தால் நிறையத் தெரியும். எட்டு வயரின் முனையும் முன்சுவர் வரை முட்டி நிற்கிறதா? தங்க நிறப் பின்கள் எட்டும் ஒரே மட்டத்தில் இறங்கியிருக்கின்றனவா? வெளித்தோல் கனெக்டருக்குள் போய், தோலை அழுத்திப் பிடிக்கும் பல்லுக்கு அடியில் இருக்கிறதா? தோல் வெளியே நின்று சின்ன வயர்கள் மட்டும் உள்ளே போயிருந்தால், ஒவ்வொரு இழுப்பும் அந்த வயர்களில்தான் விழும்.

லாக் உடைந்த கனெக்டர் வேலை செய்தாலும் மாற்ற வேண்டியதுதான். மின்விசிறிக் காற்றுக்கே நகரும்.

சின்னமுட்டம், முட்டம், குளச்சல் போன்ற கடலோரங்களில் பின்களில் பச்சை பிடிக்கும். மெல்லிய தங்கப் பூச்சு தேய்ந்த இடத்தில் உப்புக் காற்று பட்டு, அடியில் உள்ள செம்புக் கலவை அரிப்பதுதான் அது. லேசாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ கான்டாக்ட் கிளீனரோ போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சம் இருக்கும் தங்கமும் போய்விடும், ஒரே மழைக்காலத்தில் திரும்பப் பச்சை பிடிக்கும். கனெக்டரைப் பார்த்ததோடு நிற்காமல் போர்ட்டுக்குள்ளும் டார்ச் அடியுங்கள். பச்சை அங்கேயும் ஏறியிருக்கும்; சில நேரம் எறும்பு கூடு வைத்திருக்கும்.

6. டெஸ்டர் போடும்போது

இரண்டு முனையையும் கருவிகளிலிருந்து கழற்றிய பிறகுதான் டெஸ்டர். லேன் கேபிள் வழியாகவே கேமராவுக்குப் பவர் கொடுக்கும் பிஓஇ போர்ட்டில் இருந்து வரும் கேபிளை நேராக டெஸ்டரில் செருகினால் டெஸ்டர் புகைந்துவிடலாம்.

1 முதல் 8 வரை இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் எரிந்தால் தொடர்பு சரி. ஒரு விளக்கு எரியாவிட்டால் அந்த வயர் அறுந்திருக்கிறது அல்லது பின் பிடிக்கவில்லை. எதிர்முனையில் 3, 6, 1, 4, 5, 2, 7, 8 என்று எரிந்தால் ஒரு முனை ஏ வரிசை, மறுமுனை பி வரிசை (வயர் நிறங்களை அடுக்கும் இரண்டு முறைகள்). இன்றைய கருவிகள் இதைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும் என்பதால் கோளாறு இதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. சில டெஸ்டர்களில் இருக்கும் ஜி என்ற ஒன்பதாவது விளக்கு, தோலுக்குள் உலோக உறை உள்ள ஷீல்டு கேபிளுக்கு மட்டும்; சாதாரணக் கேபிளில் அது எரியவில்லை என்று பதறி வெட்ட வேண்டாம்.

இந்த டெஸ்டருக்குத் தெரியாத கோளாறு ஒன்று உண்டு. புதியவர்கள் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று ஜோடி ஜோடியாக அடுக்கி, இரண்டு முனையிலும் அதே மாதிரி அடித்துவிடுவார்கள். டெஸ்டர் எட்டும் சரி என்று சொல்லும். ஆனால் 3, 6 பின்களில் போகும் சிக்னல் ஒரே முறுக்கில் போக வேண்டியது. இங்கே ஒரு வயர் பச்சையோடும் ஒரு வயர் நீலத்தோடும் போகிறது. முறுக்கு இருப்பதே பக்கத்து ஜோடியின் இரைச்சலைத் தள்ளிவிடத்தான். ஜோடி பிரிந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு மீட்டர் கார்டில் ஒன்றும் தெரியாது. நாற்பது மீட்டரில் எர்ரர் கொட்டும்.

இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பி வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். மூன்றிலும் ஆறிலும் பச்சை ஜோடி இருந்தாக வேண்டும்.

7. மல்டிமீட்டர் சொல்லும் கதை

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் அதிகம் உதவுகிறது.

முதலில் கேபிளின் நீளம் வேண்டும். பல கேபிள்களில் தோலில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருக்கும். இரண்டு முனையிலும் உள்ள எண்களைக் கழித்தால் நீளம் வந்துவிடும். பேட்ச் கார்டுகளையும் சேர்த்து 100 மீட்டரைத் தாண்டினால் வேறு கோளாறு தேட வேண்டாம். நடுவில் சுவிட்ச் வைக்க வேண்டியதுதான்.

அப்புறம், ஐஓ பாக்ஸில் முடிந்த கேபிளானால் பேட்ச் கார்டு ஒன்றை வெட்டிச் செய்த சோதனை வயரைச் செருகி, எதிர்முனையில் ஒரு ஜோடியின் இரண்டு வயரையும் சேர்த்துவிடுங்கள். இந்த முனையில் அதே ஜோடியின் ஓம் அளவைப் பாருங்கள். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல செம்புக் கேட் 5ஈ கேபிளில் போய்த் திரும்பி வர மீட்டருக்குச் சுமார் 0.17 முதல் 0.19 ஓம் வரும். 50 மீட்டர் கேபிளுக்கு ஒன்பது ஓம் பக்கம். கேட் 6 கம்பி தடிமன் கூடியது, அளவு இன்னும் குறையும்.

அதே 50 மீட்டருக்குப் பதிமூன்று, பதினாலு என்று நாலு ஜோடியிலும் வந்தால் அது செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியக் கேபிள். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நாலைந்து தடவை மடக்கினாலே ஒடியும். விலையைப் பார்த்து வாங்கி வந்த பெட்டி இப்படித்தான் இருக்கும். இதில் எத்தனை கனெக்டர் மாற்றினாலும் கோளாறு திரும்பி வரும், அதை வீட்டுக்காரரிடம் அன்றே சொல்லிவிடுவது நல்லது. ஒரு ஜோடி மட்டும் மற்றதைவிட இரண்டு ஓம் கூடுதல் என்றால் கேபிள் நல்லது, எங்கேயோ ஒரு இணைப்பு அரித்திருக்கிறது.

ஷார்ட் ஆன ஜோடியில் இன்னொரு வசதி. எதிர்முனையைச் சேர்க்காமலே ஓம் அளவு வரும். 3.6 ஓம் என்றால் சுமார் இருபது மீட்டரில் ஷார்ட். அந்தத் தூரத்தில் சுவரில் புதிதாக மாட்டிய கடிகாரமோ சாமி படமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த அளவுகளை எடுக்கும்போது எந்த முனையும் போர்ட்டில் செருகியிருக்கக் கூடாது. போர்ட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுருள் ஜோடியைச் சேர்த்துக் காட்டிவிடும்.

8. பொழுது சாய்ந்தால் விழும் கேமரா

பகலெல்லாம் நன்றாக ஓடும் கேமரா, இருட்டியதும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், புதியதும் அதையே செய்யும். இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்து கரண்ட் கூடுதலாக இழுக்கும். கேபிளின் தடையில் வோல்டேஜ் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டரைக் கேபிளின் மிச்ச நாலு வயரில் (போக இரண்டு, வர இரண்டு) அனுப்புகிறோம், கேமரா அரை ஆம்பியர் இழுக்கிறது, தூரம் 50 மீட்டர். நல்ல செம்பிலேயே இரண்டேகால் வோல்ட் வழியில் போய்விடும். கேமராவுக்குக் கிடைப்பது பத்துக்கும் குறைவு. அலுமினியம் என்றால் ஒன்பதுக்கும் கீழே. அதே கேமராவுக்கு 48 வோல்ட் பிஓஇ சுவிட்ச் போட்டால் கரண்ட் கால்வாசியாகிவிடும், இழப்பு அரை வோல்ட் சொச்சம்தான். பல இடங்களில் கோளாறு கேபிளில் இல்லை, 12 வோல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்ததில்தான்.

தரமான பிஓஇ போட்டும் இப்படி விழுந்தால் கேமரா முனையில் உள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கடலோர வீடு ஒன்றில் நான் கழற்றியதில் 4, 5 பின்கள் மட்டும் பச்சைப் பொடியாகி, பக்கத்துப் பின்கள் பளபளவென்று இருந்தன. ஈரத்தில் நேர்மின்சாரம் ஓடும்போது பாசிட்டிவ் பக்கம்தான் முதலில் கரையும். பல பிஓஇ சுவிட்சுகளில் 4, 5 பாசிட்டிவ். எட்டுப் பின்னும் ஒரே மாதிரி பச்சையாக இருந்தால் வெறும் உப்புக் காற்று. இரண்டு மட்டும் கரைந்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. கனெக்டரை மாற்றினால் மட்டும் போதாது, மூடியையும் அடைக்க வேண்டும்.

9. வெளியே ஓடும் கேபிள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். வீட்டுக்குள் போட வேண்டிய சாம்பல் நிறக் கேபிளை மொட்டை மாடியில் போட்டால், வெயிலில் தோல் வெடித்து மழையில் நனையும். வெளியே போட வேண்டியது வெயில் தாங்கும் கறுப்புத் தோல் கேபிள்.

தோலில் கீறல் இருந்தால் தண்ணீர் அங்கேயே நிற்காது. தோலுக்குள்ளேயே இறங்கித் தாழ்ந்த முனைக்கு வரும். மாடியில் கீறல், கீழே சுவிட்ச் வைத்திருக்கும் ராக்கில் சொட்டு. ராக்கில் கழற்றிய கனெக்டரை உதறினால் ஒரு துளி விழுகிறது என்றால் தேட வேண்டிய இடம் மேலே. நனைந்த கேபிளைக் காயவைத்துப் பயன்படுத்த முடியாது; அந்த ஓட்டத்தை மாற்றுங்கள். புதியது போடும்போது சுவருக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அருமனை, குலசேகரம் பக்கம் கேபிளை ரப்பர் மரத்தோடு மரம் கட்டி இழுத்திருப்பார்கள். காற்றில் மரம் ஆட ஆட, கட்டிய இடத்தில் உள்ளே செம்பு ஒடியும், தோல் முழுசாக இருக்கும். டெஸ்டர் சில நேரம் சரி என்றும் சில நேரம் இல்லை என்றும் சொன்னால், கட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் வளைத்துப் பாருங்கள்.

வீட்டிலிருந்து தனிக் கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுத்து, ஒவ்வொரு கோடை இடிக்கும் போர்ட் மாற்றிக்கொண்டிருந்தால், அதை ஃபைபராக மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது.

10. இப்போது வெட்டலாம்

கெட்டது கனெக்டர்தான் என்று தெரிந்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய துண்டைப் பையில் போடுங்கள். வீட்டுக்காரரிடம் காட்ட உதவும்.

முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். ஒற்றைக் கம்பி கேபிளுக்கு அதற்கான கனெக்டர் வேண்டும். பல இழை கேபிளுக்கான கனெக்டரின் பல் இழைகளைக் குத்தி நடுவில் இறங்கும். ஒற்றைக் கம்பியில் அது சறுக்கி, இன்று பிடித்து அடுத்த மாதம் விடும். அழுத்தும் முன் கனெக்டரின் முன்பக்கம் எட்டுச் செம்பு முனையும் தெரிகிறதா என்று பாருங்கள். சுவருக்குள் ஓடும் கேபிளின் முனையில் ஐஓ பாக்ஸ் வைத்துப் பஞ்சிங் டூலால் அடிப்பதுதான் சரி. ஒற்றைக் கம்பியைத் தினமும் கழற்றி மாட்டினால் ஒடியும்.

11. ஃபைபர் முனை

மோடத்தில் லாஸ் (LOS, ஒளி வரவில்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் உங்கள் லேன் கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஃபைபர் வயர் கூர்மையாக மடங்கியிருக்கிறதா, கதவில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பச்சைக் கனெக்டரை நீல அடாப்டரில் செருகாதீர்கள். முனையின் சாய்வு வேறு, ஒளி வீணாகும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. மீதி கம்பெனி ஆள் வேலை.

12. கிளம்பும் முன்

நெட் வந்துவிட்டது என்பது சோதனை ஆகாது. வேகம் எதிர்பார்த்தபடி நிற்கிறதா பாருங்கள். ரவுட்டருக்கு 1472 பைட் அளவில் பிங் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சின்ன பாக்கெட் தப்பிவிடும், பெரியதில்தான் எர்ரர் சிக்கும். அது ஓடும்போதே கேபிளை ஆட்டுங்கள், மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். கேமரா வேலை என்றால் லென்ஸைத் துணியால் மூடி இரவு விளக்கை எரியவிட்டுப் பாருங்கள்.

இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். மீட்டர் நீளம், ஓம் அளவு, தேதி மூன்றையும் ராக் கதவின் உள்பக்கம் குறித்து வைத்தால், அடுத்த மழைக்கு அப்புறம் வருகிறவர் அதே ஜோடியை அளந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வார்.